வாடகைக்குக் கிடைக்காத அலங்காரம்

வளர்பிறை முகூர்த்த நாளொன்றில் திருச்சியிலோ சேலத்திலோ நான்கு கல்யாண மண்டபங்களுக்குள் அடுத்தடுத்து நுழைந்து பார்த்தால், மணமக்களின் பெயர்களைத் தவிர வேறு எதிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வாசலில் வளைந்த ஆர்ச், அதில் வெளிர் ரோஜா நிறத் துணிப்பூக்கள். உள்ளே போனதும் ஒரு செல்ஃபி பாயிண்ட். மேடையில் வெள்ளை ஃபைபர் தூண்கள், நடுவில் எல்இடி சுவர், இருபுறமும் பிளாஸ்டிக் புல் ஒட்டிய பலகை. அந்த நான்கு கல்யாணப் பெண்களும் அலங்காரக்காரரிடம் முதல் நாள் சொன்ன வாசகம் அநேகமாக ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: “எங்க கல்யாணம் வித்தியாசமா இருக்கணும்.” ஆசையில் ஒரு தவறும் இல்லை. வித்தியாசம் தேடிப் போன நால்வரும் ஒரே மாதிரி மேடையில் வந்து நிற்பது எப்படி என்பதுதான் யோசிக்க வேண்டியது. ரசனை குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அது சரியான விடை இல்லை. விடை அலங்காரக்காரரின் கோடவுனில் இருக்கிறது.

கல்யாண அலங்காரம் இன்று பெரும்பாலும் ஒரு வாடகைத் தொழில். ஃபைபர் தூண், இரும்புச் சட்டம், ஜிகினாத் துணி, செயற்கைப் பூக்கொத்து என எல்லாவற்றிலும் அவர் முதல் போட்டிருக்கிறார். ஒரு செட்டுக்குப் போட்ட காசை எடுக்க வேண்டுமானால் அது பல மேடைகள் ஏறி இறங்க வேண்டும். ஆகவே எந்தச் சேலையோடும் சண்டை போடாத, எந்த வீட்டாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத நிறமும் வடிவமும்தான் கோடவுனுக்குள் நுழைகின்றன. போதாததற்கு நாள் நெருக்கடி வேறு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மற்ற மாதங்களிலும் நல்ல நாட்கள் கொஞ்சம்தான். அன்றைக்கு அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மண்டபங்கள் இருக்கும். மண்டபம் முதல் நாள் மதியம் கைக்கு வந்து மறுநாள் மதியம் காலியாக வேண்டும். அதற்குள் மாலை ரிசப்ஷன் மேடையைக் கழற்றி, விடிவதற்குள் அதையே மணவறை ஆக்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் நாலு பையன்கள் சேர்ந்து கழற்றி மாட்ட முடிகிறதா என்பதே இந்தத் தொழிலில் ஒரு பொருளுக்கான முதல் பரீட்சை. அழகு அதற்கு அப்புறம். பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறாள். “பண்ணிரலாம்மா” என்கிறார் அவர். அந்தப் படத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கிற பொருள் கோடவுனிலிருந்து வண்டி ஏறுகிறது.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம், பின்ட்ரெஸ்ட் இரண்டும் 2010இல் வந்தவை. அதற்கு முன்னால் ஒரு கல்யாணத்தின் அலங்காரம் விருந்துக்கு வந்தவர்கள் கண்ணோடு போய்விடும். இப்போது உலகத்தில் எங்கோ நடந்த கல்யாணம் மறுநாளே மாதிரியாகிவிடுகிறது. 2017 டிசம்பரில் நடிகை அனுஷ்கா சர்மா இத்தாலியின் டஸ்கனியில் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் வெளிர் ரோஜா லெஹங்காவில் மணமேடை ஏறினார். குளிர்கால இத்தாலிய நாட்டுப்புறத்தின் மெல்லிய வெளிச்சத்தில் அந்த நிறம் எடுப்பாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த சீசன்களில் அதே வெளிர் நிறம் வைகாசி வெயிலில் ஏசி மண்டபத்து மேடைகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைவிடப் பழைய உதாரணமும் உண்டு. 1840 பிப்ரவரியில் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுப்பில் கல்யாணம் செய்துகொண்டார். அந்த உடுப்புக்கான ஹானிட்டன் லேஸை இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பெண்கள் கையால் பின்னியிருந்தார்கள். இயந்திர லேஸ் வந்து அவர்கள் பிழைப்பு நொடிந்துபோயிருந்த சமயம் அது. அந்த வேலையைத் தூக்கி நிறுத்துவதும் மகாராணியின் நோக்கமாக இருந்தது. பின்னால் மேற்குலகம் முழுக்கக் கல்யாண உடை வெள்ளையாகிவிட்டது. நகல் எடுத்தவர்கள் நிறத்தை எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். திரும்பத் திரும்ப வாடகைக்குப் போகிற பொருளால் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் சொந்தமான அழகைத் தர முடியாது. அது அந்தப் பொருளின் குற்றமில்லை, அதன் கணக்கு அப்படி. ஒரு கல்யாணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஊரில், அந்த மாதத்தில், அந்த வீட்டு மனிதர்கள் கையால் ஆகி, இரண்டு நாளில் வாடிவிடுகிற பொருட்கள்தான். புதுமை தேடுகிற பெண் பழைய பந்தலைத் திரும்பிப் பார்க்க வேண்டியது இந்தக் காரணத்துக்காக. பாரம்பரியப் பற்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறார். வரிசைக் கால்கள் நட்ட பெரிய பந்தல், கொண்டுவந்து பரப்பிய புது மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள். அலங்காரம் அவ்வளவுதான். நிழல், தரை, ஒளி, மணம் என்று நான்கையும் நாலே பொருளில் முடித்துவிட்டார்கள். கல்யாண அலங்காரத்துக்கு இதைவிடச் சிக்கனமான இலக்கணம் இருப்பதாகத் தெரியவில்லை.

குருத்தோலையை எடுத்துக்கொள்வோம். தென்னையின் நடுவில் இன்னும் விரியாமல் ஈட்டிபோல நிற்கும் குருத்தை வெட்டி இறக்கினால் உள்ளே ஓலைகள் வெண்ணெய் மஞ்சளில் இருக்கும், மடித்தால் உடையாது. ஈர்க்கை உருவிவிட்டு ஓலையை இரண்டாகக் கிழித்து, ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைத்து மடக்கினால் கிளி. வாலுக்கு ஓலை நுனியைக் கீறிவிட வேண்டும். இன்னொரு மடிப்பில் மீன், இன்னொன்றில் சுருள் சுருளாகத் தொங்கும் குஞ்சம். தெரிந்த கை ஒரு கிளியை முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எந்த மடிப்பு எதற்குள் போனது என்பது தவறிவிடும். கோயில் திருவிழாவிலும் கிராமத்துக் கல்யாணத்திலும் இதைக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நகரத்து மண்டபத்தில் இது வாசலோடு நின்றுவிடுகிறது. மேடைக்கு ஏற்றினால் ‘லோக்கலாக’ இருக்குமாம். ஜாவாவில் இன்றும் கல்யாண வாசலில் இதே இளந்தென்னோலைதான் மூங்கிலில் வளைந்து நிற்கிறது. பெரிய வீட்டுக் கல்யாணங்களிலும் அதற்கு மரியாதை குறையவில்லை. மேடையின் பின்சுவர் முழுக்கக் குருத்தோலைக் குஞ்சங்களை நெருக்கமாகத் தொங்கவிட்டு, நடுவில் மணவறைக்கு மட்டும் இடம் விட்டால் மின்விசிறிக் காற்றில் மொத்தச் சுவரும் அசையும். எந்த எல்இடி திரையும் இதைச் செய்து காட்டாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் காய்ப்பு கெடும். பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, குமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்கமாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை ஆகியவற்றை நாரில் மடித்து மடித்துத் தட்டையாகக் கட்டுவது. உருண்டை மாலையாக இல்லாமல் கட்டம் போட்ட பட்டையாக விரிந்து கிடக்கும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போகிற மாலை இது. 2025இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கழுத்தில் போடும் மாலையாக மட்டும் இதைப் பார்க்க வேண்டியதில்லை. மணவறையின் நான்கு கால்களிலும் அகலமான பட்டைகளாகச் சுற்றினால் ஃபைபர் தூணே தேவைப்படாது. துணியில் வேண்டும் என்பவர்களுக்குத் தஞ்சைப் பக்கத்துத் தொம்பை இருக்கிறது. தேரில் உருளையாகத் தொங்குமே, அந்தத் தைத்த சீலை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியிலும் தொம்பை, பந்தல் சீலை, தோரணம் எல்லாம் வரைகிறார்கள். துணி வாடாது என்பது உண்மைதான். ஆனால் இது வாடகைக்கு வந்து திரும்பிப் போகிற பொருளும் இல்லை. கல்யாணம் முடிந்தபின் மணமக்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும், அல்லது ஊர்க் கோயிலுக்குப் போகும்.

எந்தப் பூ, எந்த இலை என்பதை ஆல்பம் தீர்மானிப்பதைவிட மாதம் தீர்மானிப்பது நல்லது. மல்லி வெயில் காலத்துப் பூ. பங்குனியிலிருந்து ஆனி வரை கொட்டும். மார்கழி, தைப் பனியில் மொட்டு பிடிக்காமல் வரத்து சுருங்கி, கிலோ விலை ஆயிரங்களைத் தாண்டும். தை முகூர்த்தத்தில் மேடை நிறைய மதுரை மல்லி வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பூவுக்குக் கொடுப்பதைவிடப் பிடிவாதத்துக்குத்தான் அதிகம் கொடுக்கிறார். தையில் செவ்வந்தி இருக்கிறது, இலையோடு மஞ்சள் கொத்து இருக்கிறது, தோகையோடு செங்கரும்பு இருக்கிறது. வாசலில் வாழைக்குப் பக்கத்தில் கரும்பைக் கூம்பாகக் கட்டிய நுழைவாயில் தையைத் தவிர வேறு மாதத்தில் அமையாது. வைகாசியில் மாங்காய்க் கொத்தும் நுங்குக் குலையும் பந்தலில் தொங்கலாம். ஐப்பசியில் குறுவை அறுப்பு முடிகிற தஞ்சைப் பக்கத்தில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டலாம். நாளுக்குள்ளும் இதே கணக்கு உண்டு. மல்லி விடியலில் மொட்டாகப் பறிபட்டு அந்திக்கு மேல்தான் விரியும். ரிசப்ஷனுக்கு அது உச்சத்தில் இருக்கும், மறுநாள் விடிகாலை முகூர்த்தத்துக்குள் ஓரம் பழுத்துவிடும். காலை மேடைக்குச் செவ்வந்தி, அரளி, மரிக்கொழுந்து, காலையில் மலரும் தாமரை ஆகியவை தோது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரவு கட்டிய அதே மல்லிச் சரத்தின் முன்னால் தாலி கட்டிவிட்டு, போட்டோவில் பூ வாடித் தெரிகிறதே என்று அலங்காரக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

போட்டோ என்றதும் முதல் மறுப்பு எழும். செயற்கை அலங்காரம்தான் கேமராவுக்கு எடுப்பு, ஓலையும் இலையும் மங்கலாக விழும் என்பார்கள். உண்மை இதற்குத் தலைகீழ். அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு ஆகிய நம் முகூர்த்தப் பட்டு நிறங்கள் பச்சைப் பின்னணியில்தான் துள்ளி நிற்கும். வெளிர் ரோஜாச் சுவருக்கு முன்னால் சேலையும் சுவரும் பார்வையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்வதே அந்த முரணுக்காகத்தான். அந்தக் கரைக்குப் பின்னால் இன்னொரு அலங்காரக் கரை எதற்கு? விளக்கு விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட மோசம். ரிசப்ஷன் மேடையில் நீலமும் ஊதாவும் மாறி மாறி அடிக்கும் எல்இடி ஒளியில் அரக்குப் பட்டு கறுத்துவிடும், மஞ்சள் பூசிய முகம் சாம்பலடிக்கும். சிவப்பும் மஞ்சளும் நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை; ஆயிரக்கணக்கில் வாங்கிய மேக்கப்பும் இதைச் சரிசெய்யாது. மேடைக்கு ஒரே சீரான இளமஞ்சள் ஒளி போதும். சேலை நிறத்தில் ஒரு துண்டுத் துணியை அலங்காரக்காரரிடம் முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் பின்னணியைப் பேச வேண்டும். பெரும்பாலும் நடப்பது எதிர்மாறு. மேடை முதலில் முடிவாகிறது, சேலை அதற்குத் ‘தோதாக’ எடுக்கப்படுகிறது.

அடுத்த மறுப்பு காசு. நிஜப் பூவால் முழு மேடையை நிறைத்தால் செலவு அதிகம்தான், மறுக்க முடியாது. ஆனால் முழு மேடையையும் நிறைக்க வேண்டும் என்ற நினைப்பே வாடகைத் தொழில் கொடுத்தது. பிளாஸ்டிக் பூவுக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டில்லையே. பக்கத்தில் நின்று பார்க்கிற இடங்கள் மூன்று நான்குதான். வாசல், மணவறைக் கால்கள், பெண்ணின் ஜடை, ஊஞ்சல் இருந்தால் அதன் சங்கிலி. அங்கே உயிருள்ள பொருள் இருந்தால் போதும். எட்ட இருக்கும் இடத்துக்கு வாழையிலையும் மாவிலையும் பந்தல் துணியும் தாராளம். மண்டபத்து டைல்ஸ் தரையில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குப் பதில் ஈர அரிசிமாவில் இழைக்கோலம் இழுத்துக் காவி கட்டினால் செலவு ஒரு படி அரிசியும் வீட்டுப் பெண்களின் ஒரு மணி நேரமும்தான். முடிந்ததும் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும், மண்டபக்காரரும் முறைக்க மாட்டார். பூவுக்குக் கொடுக்கும் காசு போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதில் ஒரு பங்கு நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் விடியலில் பறிப்பவர்களுக்கும், மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு சரம் கட்டும் பெண்களுக்கும் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளில் குப்பைக்குப் போகிற பூவைவிட நூறு முறை பயன்படும் செயற்கைப் பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லதில்லையா? பாதி நியாயம் இதில் இருக்கிறது. மல்லித் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்து கொஞ்சமல்ல; பூ என்றால் பாவமறியாத பொருள் என்று நினைப்பது தவறு. பித்தளைக் குத்துவிளக்கு, உருளி, மர ஊஞ்சல் போன்ற நிற்கிற பொருட்களை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் மறுபயன்பாடு என்ற பெயரில் மேடைக்கு வருபவை எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. மணமக்கள் பெயரை ‘வெட்ஸ்’ போட்டுக் கோத்த தெர்மகோல் எழுத்து ஒரே நாள் பொருள். அலங்காரத்துக்கான தெர்மகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒன்று என்பது பலருக்கு நினைவே இல்லை. பூக்காம்பைச் செருகும் பச்சை நிற ஃபோம் கட்டி அதைவிட விஷமம். 1954இல் அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் என்பவர் கண்டுபிடித்த அது பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். பொடிந்து நுண்பிளாஸ்டிக் ஆவதையும் நீர்வாழ் உயிர்கள் அதை உண்பதையும் மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டியது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் அதற்கு இடம் தருவதில்லை. நமக்கோ மாற்றுப்பொருள் தேடவே வேண்டாம். வெட்டிய வாழைமரத்தின் தண்டில் பூக்காம்பைச் செருகினால் தண்டின் ஈரமே பூவைத் தாங்கும். அடுத்த நாள் மாடு தின்னும். ஜிகினாத் தூள் அடிக்காமல், நைலான் நூலுக்குப் பதில் வாழைநாரில் கட்டினால் மேடைக் குப்பை மொத்தமும் எருக்குழிக்குப் போகலாம்.

“பெண்ணின் ஆசைக்கு நீங்கள் யார் நாட்டாமை?” என்று ஒரு கேள்வியும் வரும். வெளிர் ரோஜாதான் அவளுக்குப் பிடித்த நிறம் என்றால் அது அவள் பாடு, யாரும் தடுக்க முடியாது. இங்கே சொல்வது, அவளுடைய ஆசையைக் கேட்டுவிட்டுக் கோடவுன் பட்டியலை அவள் தலையில் கட்டுகிறார்கள் என்பதைத்தான். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். கணவனை இழந்த தாயை மகளின் மணவறைக்குப் பக்கத்தில் வரவிடாமல் ஓரத்தில் நிறுத்திய வழக்கம் பந்தலோடு சேர்ந்து வந்ததுதான். அதைக் குப்பையோடு கொட்டிவிடலாம். கோலம் தொடங்குகிற கையும் முதல் விளக்கை ஏற்றுகிற கையும் அந்தத் தாயினுடையதாக இருந்தால், அந்தக் கல்யாணம் வேறெந்தக் கல்யாணத்தையும் போல இருக்காது.

ஆக, வரும் தையிலோ மாசியிலோ முகூர்த்தம் குறித்திருப்பவர்கள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு, ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன், பக்கத்து ஊரில் குருத்தோலைத் தோரணம் கட்டுபவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குருத்தை முன்கூட்டி வெட்டி வைக்க முடியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மரமேற ஆளும், ராத்திரி உட்கார்ந்து மடிக்க இரண்டு மூன்று கைகளும் வேண்டும். அந்த ஆட்களை நல்ல நாள் நெருங்கியபின் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.